பழப்புளித் தண்ணீரில் சிவந்த வேல்

வேல் சிவந்தது ஒரு சனிக்கிழமை காலையில். அதை முதலில் கண்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதில் இரத்தம் இருக்கவில்லை, குங்குமம் இருக்கவில்லை, எந்தத் தெய்வத்தின் கோபமும் இருக்கவில்லை. செப்பு இருந்தது. இதைச் சொல்லப் போய்த்தான் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், இலங்கைத் தமிழரான எங்களவர் நடுவே எனக்கு வாய்க்காரி என்ற பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை நான் இன்றுவரை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பிற்பாடு வந்தது. ஆகவே உறுதியாக நினைவிருப்பதை மட்டும், நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

எங்கள் கூட்டத்துக்கு அந்நாளில் சொந்தமாகக் கோயில் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நகரின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பூசை செய்வார்கள். மற்ற நாட்களில் அங்கே பிள்ளைகள் நெட்போல் விளையாடுவார்கள். பந்து போடும் வளையத்துக்கு நேர் கீழே மேசையை வைத்து, பட்டு விரித்து, முருகன் படத்தை நிறுத்தினால் கோயில் வந்துவிடும். மாலையில் மேசையை மடித்தால் கோயில் போய்விடும். குத்துவிளக்குகள், தட்டம், மணி, வேல் எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கும். அந்தப் பெட்டி வீடு வீடாகச் சுற்றும். எந்த வீட்டின் முறையோ, அந்த வீட்டார் எல்லாவற்றையும் மினுக்கிப் பூசையன்று கொண்டுவர வேண்டும்.

வேல் அப்பா செய்தது. ஈஸ்ட் டாமாக்கியில், படகு இழுக்கும் டிரெய்லர்கள் செய்கிற பட்டறையில் அவருக்கு வேலை. மிஞ்சிப்போன ஓர் இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, முகம் தெரியும்படி தேய்த்துக் கொடுத்தார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என்ன உலோகம் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முருகன் பக்கத்தில் நிற்பது டிரெய்லரின் மிச்சம் என்பது ரானுயியில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த செய்தி.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான் தவிர சித்தியும் இருந்தார். அம்மாவின் தங்கை. கொழும்பில் கலியாணம் கட்டி, சில வருடம் இருந்துவிட்டு, தாலியைத் தானே கழற்றிப் புருஷனின் கையில் கொடுத்துவிட்டு வந்தவர். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புருஷன் உயிரோடு இருந்தார், அதுதான் எங்களவர்களுக்குப் பெரிய சிக்கல். இறந்திருந்தால் சித்தியை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சித்தியோ எந்த வரிசையிலும் உட்காராமல், பட்டுச் சேலை கட்டி, பொட்டு வைத்து, முன்னால் நின்று தேவாரம் பாடினார். நல்ல குரல். மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க இங்கிலீசில் உடுப்பு மடித்துவிட்டு, மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் முறை வந்தபோது பெட்டியைச் சித்தி எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம், துணி தோய்க்கும் தொட்டியில் பழப்புளியைக் கரைத்து, உப்பும் போட்டு, விளக்குகளை ஊறவிட்டுத் தேய்த்தார். அவை புதுப் பவுன் போல வெளியே வந்தன. பிறகு வேலை எடுத்தார். அதில் சில இடங்களில் துருப் பிடித்திருந்தது. சாமிச் சாமான் என்றால் பழப்புளி என்பது எங்கள் வீடுகளில் கேள்வியே இல்லாத விதி. வேல் என்றால் ஊரில் பித்தளை, ஐம்பொன், வசதி இருந்தால் வெள்ளி. இரும்பில் வேல் செய்வது ஈஸ்ட் டாமாக்கியில் மட்டும் நடக்கக்கூடியது. விதி அதை அறியாது. சித்தி அதே தண்ணீரில் வேலைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

விடிந்து பார்த்தால் வேல் முழுக்கச் சிவப்பு. இளஞ்சிவப்பென்றும் சொல்லலாம், புதிதாக வாங்கிய செப்புக்குடத்தின் நிறம். அம்மா இரவு வேலையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை, அப்பா காரைக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தி பயப்படவே இல்லை. வேலைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முந்தினதை விட இப்பத்தான் சாமி வேல் மாதிரி வடிவாக் கிடக்கு" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் எனக்குக் காரணம் தெரியும். அந்தப் பள்ளித் தவணையில்தான் மின்னேற்றம் பெற்ற அணுக்களான அயன்களைப் பற்றிப் படித்திருந்தோம். சலவை இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, பாதி தமிழிலும் மீதி இங்கிலீசிலும் சித்திக்குப் பாடம் எடுத்தேன். அணுவின் நடுவில் நேர் ஏற்றமுள்ள புரோத்தன்கள், சுற்றிவர மறை ஏற்றமுள்ள இலத்திரன்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டும், அணுவுக்கு வெளியே ஏற்றம் தெரியாது. ஓர் இலத்திரன் கழன்று போனால் புரோத்தன்கள் மிஞ்சும், அணு நேர் அயனாகும். ஒன்றைக் கூடுதலாக வாங்கினால் மறை அயனாகும்.

சித்தி என்னை நிறுத்தினார். "இழந்ததுக்குக் கூட்டல் குறி, வாங்கினதுக்குக் கழித்தல் குறியோ? ஆர் போட்ட கணக்கடி இது?"

கழன்று போவதே மறை ஏற்றம் என்பதால் அது போனால் நேர் என்று விளக்கினேன். சித்தி கொஞ்சம் யோசித்தார். "ஓம், போன சாமான் என்ன சாமான் எண்டும் பாக்கத்தான் வேணும்" என்று சொல்லித் தனக்குள் சிரித்துக்கொண்டார். பாடம் புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மிச்சத்தையும் சொன்னேன். செப்புக் கலந்த பித்தளை விளக்கின் மேல் படிந்திருந்த கறுப்பில் உள்ள செப்பு, முன்பே இலத்திரன்களை இழந்து அயனாகிவிட்ட செப்பு. புளி அதைக் கரைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது. பிறகு வந்தது இரும்பு. செப்பை விட இரும்பு இலத்திரனை எளிதாக விட்டுவிடும். ஒவ்வோர் இரும்பு அணுவும் இரண்டு இலத்திரன்களை விட்டுத் தானே அயனாகித் தண்ணீருக்குள் போக, தண்ணீரில் இருந்த செப்பு அயன் அந்த இரண்டையும் வாங்கி, மறுபடி உலோகமாகி, வேலின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இதையே ஓர் ஆணியையும் நீல நிறமான செப்புச் சல்பேற்றுக் கரைசலையும் வைத்துச் செய்திருந்தோம். சித்தி வேலைப் பட்டில் சுற்றிக்கொண்டே, "அப்ப முருகன் பாடு லாபம்தான்" என்றார்.

மண்டபத்தில் பட்டைப் பிரித்தபோது அப்படி யாரும் நினைக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் சத்தம் நின்றது. சங்கத் தலைவரின் மனைவி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். அவரை நாங்கள் தலைவர் மாமி என்போம். தலைவரை விட அவருக்கே அதிகாரம் கூட.

"இந்தமுறை ஆரின்ரை வீடு?" என்று கேட்டார். பதில் அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

அம்மா எழும்பி, கழுவும்போது நிறம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னார்.

"கழுவினது ஆர், நீரோ?"

"தங்கச்சி."

"ம்" என்றார் மாமி. அந்த ஓர் எழுத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வேலுக்கு மாலை போட்டு மறைத்துப் பூசையைச் செய்தார்கள். தேவாரத்துக்குச் சித்தியை யாரும் கூப்பிடவில்லை. சாப்பாடு பரிமாறும்போது மாமி அருகில் இருந்தவர்களிடம் சொன்னது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சித்திக்கும் கேட்கும் அளவில்தான் இருந்தது. "கந்தன் சும்மா சிவப்பாரோ? கட்டினவனை விட்டிட்டு வந்த கை. தொடக் கூடாததைத் தொட்டால் இப்பிடித்தான் காட்டிக் குடுக்கும்."

அடுத்த மாதம் கூட்டத்தில் இதைப் பற்றிக் கதைத்து முடிவெடுப்பது, அதுவரை சித்தி சாமிச் சாமான் எதையும் தொடாமல் இருப்பது என்று ஏற்பாடானது. முடிவு என்னவாக இருக்கும் என்று ஒருவருக்கும் ஐயம் இல்லை. எங்கள் வீட்டு முறையை எடுத்துவிடுவார்கள், சித்தி பின்வரிசைக்குப் போவார், அல்லது வராமலே விடுவார். சித்தி வராமல் விட்டால் இந்த நாட்டில் அவருக்கு எங்கள் மூவரையும் துணிக்கடையையும் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாது. இதை அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே அப்பாவிடம் சொல்லி அழுததைக் கேட்டேன். அப்பா வேலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத்தாளால் தேய்த்துப் பழையபடி வெள்ளையாக்கினார். சிவப்பு மெல்லிய தோல் போல உரிந்து வந்தது. அதை மண்டபத்தில் சொல்லுங்கள் என்றேன். "சொன்னால் இரும்பெண்டதையும் சொல்ல வேணும், பிள்ளை" என்றார்.

அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வது என்று அன்றே முடிவுசெய்தேன். தொட்டியில் கிடந்த தண்ணீரை யாரும் இன்னும் ஊற்றியிருக்கவில்லை. அதை ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, மூடி, காராஜில் ஒளித்து வைத்தேன். அப்பாவின் பெட்டியிலிருந்து ஆணி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சிவந்தது. இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் சிவந்தது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சித்திக்கும் சொல்லவில்லை.

அடுத்த பூசை முடிந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமுவதற்குள் நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். "விடு, பிள்ளை" என்று அப்பா சொன்னது கேட்டது. விடவில்லை. இந்தத் தண்ணீரில் செப்பு இருக்கிறது, வேல் இலத்திரன்களை விட்டதால் அது ஒட்டிக்கொண்டது, யாருடைய கையாலும் இல்லை என்று என் உடைந்த தமிழில் சொன்னேன். வீட்டில் நன்றாக வந்த சொல் அங்கே வாயில் வரவில்லை, எலக்ட்ரான் என்றுதான் வந்தது. வட்டத்தில் இருந்த மாஸ்ரர் ஒருவர் "இலத்திரன்" என்று திருத்தினார். ஊரில் நீண்ட காலம் இரசாயனம் படிப்பித்தவர். இந்த விஷயத்தில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. திருத்திவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

கொண்டுவந்த ஆணியைக் காட்டி, டப்பாவுக்குள் போடப் போனேன். தலைவர் மாமி கையை நீட்டித் தடுத்தார். "நீ கொண்டு வந்த ஆணியிலை என்னத்தைப் பூசி வைச்சிருக்கிறாயோ. இஞ்சை கிடக்கிறதிலை ஒண்டைப் போடு." தானே குசினிக்குப் போய், பாயசம் கிண்டிய கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். நியாயமாகத்தான் பட்டது. போட்டேன்.

தேநீர் வந்தது, வடை வந்தது. எல்லோரும் டப்பாவைப் பார்த்தபடி தின்றார்கள். நான் மட்டும் தின்னவில்லை. தேநீர்க் கோப்பைகளைச் சேர்த்து எடுக்கும் நேரம் மாமி கரண்டியைத் தூக்கினார். போட்டதை விடப் பளபளவென்று இருந்தது. அவர் அதை வட்டத்துக்குச் சுற்றிக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"என்ன பிள்ளை, உன்ரை இலத்திரனுக்கு இண்டைக்கு லீவோ?"

சிரிக்காத ஆள் இல்லை. என் வயதுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற சித்தி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அந்த எரிச்சலோடுதான் யோசித்தேன். வேலில் துரு இருந்தது. கரண்டியில் துரு இல்லை, ஒருநாளும் பிடிக்காது. அது எவர்சில்வர். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது, அது இரும்பைத் தண்ணீரோடு சேரவிடாது என்பதெல்லாம் பிறகு படித்தது. அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: துருப் பிடிக்கிற சாமான் வேண்டும். ஆனால் தமிழர் குசினியில் எல்லாமே எவர்சில்வர். குவளை, தட்டம், அகப்பை, அடுக்குச் சட்டி, ஒன்று விடாமல்.

குசினிக்குள் ஓடினேன். மூலையில், தேங்காய் துருவும் திருவலை கிடந்தது. பலகைக் காலும், நீண்ட இரும்பு நாக்கும், அதன் நுனியில் பல்லும். மேற்பக்கமெல்லாம் துரு. பல் மட்டும் அன்று காலை துருவிய தேங்காயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது. அது தலைவர் மாமியுடையது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது, அவரைத் தவிர வேறொருவர் அதில் உட்காரக்கூடாது. நான் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போய், தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கை டப்பாவுக்குள் விட்டேன்.

"அது என்ரை அம்மா தந்தது" என்றார் மாமி.

"நான் உடைக்கேல்லை" என்றேன்.

போகப் புறப்பட்டவர்களும் போகவில்லை. யாரோ ஒருவர் மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க நேரமாகிறது என்றார், அவரும் இருந்தார். நான் திருவலையின் பலகையைப் பிடித்தபடி நின்றேன். கை விறைத்துப்போனது, மாற்றிப் பிடித்தேன். முதலில் எட்டிப் பார்த்தது ஒரு சின்னப் பெண்பிள்ளை. "ரெட்" என்றது.

தூக்கினேன். பல் முழுக்கச் செப்பு. ஒவ்வொரு முனையும் தனித்தனியாகச் சிவந்திருந்தது. சொட்டச் சொட்ட அதைத் தலைவர் மாமியின் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தேன்.

"இதை ஆர் தொட்டது, மாமி?"

பின்னால் ஆண்கள் பக்கம் ஒருவர் சிரிப்பை அடக்கியது கேட்டது. மாமி திருவலையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். மாஸ்ரர் எழும்பினார். "பிள்ளை சொல்லுறது சரி. இரும்பு குடுக்கும், செப்பு எடுக்கும். தெரிஞ்ச விஷயம்தான்" என்றார். தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு மாதம் எங்கே இருந்தார் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவும் எழும்பிவிட்டார். வேல் டிரெய்லர் இரும்பு, அதைச் சொல்லாமல் விட்டது தான்தான் என்றார். முழுவதையும் சொன்னார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். பிழை ஒன்றும் இல்லை என்று தெளிவாகிவிட்டது என்றார். வேல் சுத்தம் என்றார். ஆகவே முறை எங்கள் வீட்டிலேயே இருக்கலாம், இனிமேல் சித்தியும் சாமிச் சாமானைத் தொடுவதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்றார். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திச் சித்தியைப் பார்த்தேன்.

சித்தி நடந்து வந்தார். மேசையில் இருந்த வேலை இரண்டு கையாலும் எடுத்தார். எல்லோரும் பார்க்க அதைப் பட்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தலைவர் மாமியின் மடியில் வைத்தார்.

"இனி நீங்களே மினுக்குங்கோ, அக்கா" என்றார். கோபமே இல்லாத குரல். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எனக்கு அழுகை வந்தது, அவ்வளவும் ஆத்திரம். ஒரு மாதம் ஒளித்து வைத்து, கரண்டிக்கு ஈடுகொடுத்து, திருவலைக்குத் துணிந்து நான் வென்று கொடுத்ததை இவர் ஒரு நொடியில் மற்றவர் மடியில் வைத்துவிட்டுப் போகிறார். காரில் பின்இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன், டப்பா என் காலடியில். நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டுவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் பெட்டியைக் கொடுத்தீர்கள் என்று.

சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். "கரண்டி சிவக்கேல்லைத்தானே. திருவலையும் சிவக்காமல் விட்டிருந்தால், என்ரை கை கூடாத கையோ?"

"அது சிவக்கும். இரும்பு கட்டாயம் விடும்" என்றேன். சரியான விடை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

"ஓம். இரும்பு விடும்." பிறகு என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "நாளைக்கு வேறை ஏதும் ஒண்டு கறுக்கும். அதுக்கும் நீ டப்பா தூக்கிக்கொண்டு வருவியோ?"

"வருவன்" என்றேன்.

அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கறுப்பது என்றால் பெரும்பாலும் வெள்ளியாகத்தான் இருக்கும். வெள்ளி இலத்திரனை விடும், காற்றில் இருக்கும் கந்தகம் வாங்கிக்கொள்ளும். அதைத் திருப்பி வெள்ளையாக்க என்ன தேவைப்படும், அதை எங்கே வாங்கலாம் என்று ரானுயி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.